பால்கனிப் பக்கம் திரும்பாத கண்

கண்ணை மூடும் பெட்டியை மாட்டிக்கொண்டு, சுழல்நாற்காலியில் உட்கார்ந்தபடி, அதற்குள் தெரியும் இல்லாத வீடுகளைச் சுற்றிப் பார்ப்பதுதான் அக்காவுக்கு வேலை. அவள் கண் அடுத்து எங்கே போகும் என்று கணினி முன்கூட்டியே ஜோசியம் சொல்லும்.

"எல்லாரும் முதல்ல பால்கனியத்தான் பாக்கறாங்க. நீங்க மட்டும் அந்தப் பக்கமே திரும்பல. மெஷின் கோளாறாக்கா?" என்றான் இன்ஜினியர்.

"மெஷின் மேல பழியப் போடாதீங்க தம்பி. என் பிள்ளை பால்கனியிலேர்ந்துதான் விழுந்தான்."

என்ன நினைத்தாளோ, அக்கா பெட்டியை மறுபடி மாட்டிக்கொண்டு நேரே பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். கீழே வெறும் புல்தரை. ஒருவரும் கிடக்கவில்லை.

அடுத்து வானத்தைப் பார்ப்பாள் என்றது எல்லாம் தெரிந்த கணினி. வேலை முடியும்வரை அவள் குனிந்த தலை நிமிரவில்லை.