மூன்று மணி டியூட்டி

இது என் பிரமை என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். என் மகன் சொன்னதையெல்லாம் நம்பித்தான் இந்தக் கதிக்கு வந்தேன். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், என் வீட்டுப் படுக்கையறையில்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயது. ஒருநாள் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் கண்ணாடி முன்னால் திகைத்து நின்றார். ஸ்கேன் எடுத்தால், மூளைக்குள் கட்டி. வேகமாக வளர்கிற வகை என்றார் டாக்டர்.

"இந்த வயசுல முழுசா குணமாகாதுங்க. பதினஞ்சு தடவை ரேடியேஷன் கதிர் வச்சா சில மாசம் கூடக் கிடைக்கலாம். கிடைக்காமயும் போகலாம். நீங்கதான் சொல்லணும்."

"கிடைச்ச வரைக்கும் லாபம் டாக்டர். வைங்க" என்றார் இவர். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

முதல் நாள் அளவெடுக்க நானும் போனேன். வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை அவர் முகத்தின் மேல் அழுத்தி, முகமூடி செய்தார்கள். கதிர் வைக்கும்போது தலை அசையக் கூடாதாம். அதனால் முகமூடியை மேசையோடு சேர்த்துக் கொக்கி போட்டுப் பூட்டுவார்கள். பூட்டிக் காட்டினார்கள். டக்... டக்... டக்... கழற்றியபோது நெற்றி, கன்னம் எல்லாம் கட்டம் கட்டமாகத் தடம். "கொசுவலைல மூஞ்சிய வச்சுத் தூங்குனீங்களா?" என்று கிண்டல் செய்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து தினமும் மூன்று மணிக்கு முறை. என் முழங்கால் மக்கர் செய்ததால் மகன்தான் காரில் கூட்டிப் போனான். இவர் மத்தியானச் சாப்பாடு முடிந்ததுமே செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "டியூட்டிக்கு நேரமாச்சு" என்பார்.

திரும்பி வந்ததும் முணுமுணுப்பார். "இன்னைக்கும் முகமூடி போடல. கார்லயே உக்கார வச்சுட்டான்."

மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அம்மா, கட்டிதான் அப்படிப் பேச வைக்குது. காதுல போட்டுக்காத."

நான் போட்டுக்கொள்ளவில்லை. பெற்ற பிள்ளை பொய் சொல்வானா?

இரண்டே மாதம். போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

மத்தியானம் மூன்று மணி. கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். படுக்கையறையில்... டக்... டக்... டக்...

எலி என்று நினைத்தேன். மறுநாளும் அதே நேரம். போய்ப் பார்த்தேன். கட்டில் காலி. ஆனால் அவர் தலையணை நடுவில் குழிந்திருந்தது. வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வாடை வேறு.

ஒருநாள் மகன் வந்தான். சாப்பிட்டுவிட்டு அப்பா கட்டிலில் படுத்தான்.

மூன்று மணி.

டக்... டக்... டக்...

உள்ளே ஒரு முனகல். ஓடினேன்.

அவன் கண் திறந்திருந்தது. கைகள் மெத்தையில் அடித்துக்கொண்டிருந்தன. தலை மட்டும் அசையவில்லை.

அவன் மேல் எதுவும் இல்லை.

ஆனால் கன்னம் அமுங்கியிருந்தது...

டக்.

எழுந்து உட்கார்ந்தான். "தலையத் தூக்க முடியலம்மா... மூச்சு முட்டுது..."

முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தடம்.

இந்தத் தடத்தை என் வீட்டுக்காரர் முகத்தில் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை. அளவெடுத்த அன்று.

அப்புறம் ஏன் பார்க்கவே இல்லை?

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகமூடி செய்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"பெரியவர் அளவெடுத்ததோட சரிம்மா. ஒரு நாள்கூட கதிருக்கு வரல. அப்பாவுக்கு இஷ்டமில்லைன்னு உங்க பையன் போன்ல சொன்னாரே?"

அவரே வேண்டாமென்றிருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் வேண்டாமென்று சொல்லவில்லையே! தினமும் கிளம்பி உட்கார்ந்தாரே!

"அந்த முகமூடி எங்க?"

"அலமாரியிலதான் இருந்துச்சு. நேத்திலேர்ந்து காணோம்மா."

வீட்டுக்கு வந்தேன். மூன்று மணி தாண்டியதும் போன் அடித்தது. மகன்.

"அம்மா... ஆபீஸ்ல... நாற்காலியில உக்காந்திருந்தேன்... மறுபடியும்..."

"மூஞ்சியில தடம் இருக்கா?"

"இருக்கு..."

"அப்பாவ ஏன்டா கார்லயே உக்கார வச்ச?"

அழுதான். "அவர் கஷ்டப்படக் கூடாதுன்னுதாம்மா..."

"அவர்கிட்ட கேட்டியா?"



போனை வைத்தேன். கதிர் மொத்தம் பதினைந்து தடவை. இவனுக்கு இரண்டு முடிந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் தன் சர்வீஸில் ஒரு நாள்கூட டியூட்டிக்கு மட்டம் போட்டதில்லை.