மாத்திரையைக் கடிக்கும் சாரதி

கண்ணாடிப் போத்தலைக் காதருகே பிடித்து ஆட்டிப் பார்க்கிறார் றிச்சர்ட். சத்தத்தை வைத்தே உள்ளே எத்தனை மாத்திரை மிச்சம் என்று சொல்லிவிடுவாராம். பிறகு அதை வேனின் முன்கண்ணாடியோரம், அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில், நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்து வைக்கிறார். வெளிச்சம் படாமல் வைக்க வேண்டிய மருந்து அது. அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்துப் போத்தலில் போட்டவரும் அவர்தான். கேட்டால், "அந்தோனியாரு பாத்துக்குவாரு சேர்," என்பார். கிளினிக்கில் எழுதிக்கொடுத்தது காலையில் ஒன்று, இரவில் ஒன்று. றிச்சர்ட் தனக்குத்தானே எழுதிக்கொடுத்தது நான்கு நாளைக்கு ஒன்று.

வயது ஐம்பத்தேழு. நமுனுகுலைத் தோட்டங்களிலிருந்து பதினாலு பிள்ளைகளைப் பசறை வழியாகப் பதுளைப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றி இறக்குவது தொழில். பழைய டொல்பின் வேன். சாரதிக்குப் பக்கத்து இருக்கையில், அதே வீதியில் பள்ளிக்குப் போகும் வாத்தியாராக, ஆறு வருடமாக உட்கார்ந்து வருகிறேன். மூடுபனியில் அவருக்குக் கண் வேண்டாம், ஹோர்ன் போதும். முன்னால் போகும் லொறி வழிவிடத் தாமதித்தால் அதன் சாரதியின் மூன்று தலைமுறையையும் விசாரிப்பார். விசாரித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "கோவந்தான் சேர் பிரஸர். உப்பெல்லாம் சும்மா. எனக்குப் பாருங்க, கோவமே வராது," என்பார். மடியில் ரொட்டியும் கட்டச்சம்பலும் கருவாடும் இருக்கும்.

மருந்தைப் பற்றி அவரிடம் ஒரு தத்துவம் உண்டு. "பிரஸர் நாய் மாதிரி சேர். தெனம் சோறு வச்சா வாசல்லயே படுத்துக்கும். பட்டினி போட்டாத்தான் வேற வீடு தேடிப் போகும்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரியும் அமைதி, நிறையப் படித்தவர்களிடம்கூட நான் காணாதது. யோசிக்காதவனுக்குத்தான் அப்படியொரு அமைதி வாய்க்கும்.

அந்த மாத்திரையின் பெயர் நிபெடிபின். செங்கல் நிறம், சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. இரத்தக் குழாயின் சுவரில் மெல்லிய தசை இருக்கிறது. அதற்குள் கல்சியம் நுழையும்போது தசை இறுகுகிறது, குழாய் ஒடுங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. கல்சியம் நுழையும் வாசலை இந்த மருந்து அடைத்துவிடும். தசை தளரும், குழாய் விரியும். றிச்சர்டுக்குக் கொடுத்திருப்பது மெதுவாகக் கரையும் வகை. அரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும்படி செய்திருக்கிறார்கள். கடித்து நொறுக்கினால் அரை நாளுக்கான மருந்து சில நிமிடங்களில் இரத்தத்தில் இறங்கிவிடும். அழுத்தம் சட்டென்று விழும். அதைச் சரிக்கட்ட இதயம் ஓட்டமெடுக்கும்.

இதையெல்லாம் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் நளீரா மிஸ் அவருக்கு எளிய வார்த்தையில் சொல்லியிருக்கிறார். நானும் பக்கத்தில் இருந்தேன். "இத கடிக்கவும் வேணாம், ஒடைக்கவும் வேணாம் அண்ணன். முழுசா முழுங்குங்க. ஜம்போலாப் பழம் மட்டும் சாப்பிட்றாதீங்க. அது குளுசையோட வேகத்தக் கூட்டிரும்."

பம்பளிமாஸைத்தான் இங்கே ஜம்போலா என்பார்கள். றிச்சர்ட் மிகுந்த பணிவோடு தலையாட்டினார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டீங்களா சேர்? கடிச்சா சுருக்கா வேல செய்யுமாம். ஜம்போலா தின்னா இன்னும் வேகமாம். அந்த மிஸ் நல்ல புள்ள சேர். சொல்லக் கூடாதத சொல்லிக் குடுத்திருச்சு."

எச்சரிக்கையைச் செய்முறையாகக் கேட்கும் காது அது. அன்றிலிருந்து மாதம் முழுவதும் நான்கு நாளைக்கு ஒன்றென்று விழுங்கி மிச்சம் பிடிப்பார். கிளினிக் நாள் காலையில் மட்டும் ஒன்றைக் கடித்துத் தின்றுவிட்டு வரிசையில் போய் நிற்பார். அவருடைய கிளினிக் கொப்பியைப் பார்க்க வேண்டும். மாதத்துக்கு மாதம் நூற்று முப்பது, நூற்று இருபத்தெட்டு. "ஒரு செவப்புக் கோடு இருக்கா பாருங்க," என்று பிள்ளைகளின் பெற்றோரிடம் காட்டுவார். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒருநாள் சும்மா அளந்தபோது நூற்றுத் தொண்ணூறு காட்டியது. "தோட்டத்து மெசின் தோட்டத்து ரோடு மாதிரிதான் இருக்கும்," என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். பொய் சொல்கிறவனுக்காவது உண்மை எதுவென்று தெரிந்திருக்கும். றிச்சர்ட் தன் பொய்யைப் பிறர் கையால் எழுத வைத்து, பிறகு அதையே வாசித்து நம்புகிறார்.

பசறைத் தேநீர்க் கடையில் காலை ஆறரைக்கு ஸஹாப்தீன் இருப்பார். சாரதிகளுக்கு லீவு வேண்டியிருந்தால் மாற்றாக வண்டி ஓட்டுகிறவர். அவருக்கும் இதே மாத்திரைதான். கடைக்காரரிடம் வெந்நீர் வாங்கி, மணி பார்த்து, ஒன்றை விழுங்குவார். றிச்சர்டுக்கு அதைப் பார்த்தால் பொறுக்காது.

"என்னா நாநா, டேங்குக்கு ஊத்தியாச்சா? குளுசையில ஓடுற வண்டி!"

"நான் ஊத்தி ஓட்டுறேன் தம்பி. நீ தள்ளிக்கிட்டே போ," என்பார் ஸஹாப்தீன், கோப்பையிலிருந்து தலையெடுக்காமல்.

போன மாதம் றிச்சர்டின் சாரதிப் பத்திரத்தைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. பிள்ளைகளை ஏற்றுகிறவருக்கு வைத்தியச் சான்றிதழ் இல்லாமல் பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாவிட்டால் வேன் இல்லை. வேனை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. மனைவி செசிலி கொழுந்தெடுத்துக் கொண்டுவருவதில்தான் வீடு ஓட வேண்டும். இரண்டு கிழமையாகவே செசிலி, "ஒழுங்கா ரெண்டு வேளையும் போடுங்க, கர்த்தர் புண்ணியத்துல பாஸ் பண்ணிருவாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு கிழமை ஒழுங்காகப் போட்டிருந்தால் அது நடந்தும் இருக்கும். ஆனால் ஒழுங்கில் றிச்சர்டுக்கு என்ன பெருமை இருக்கிறது?

சிங்களப் படிவத்தை நிரப்பிக்கொடுக்க என்னை அழைத்திருந்தார். அரை நாள் லீவு போட்டிருந்தேன். வழக்கம்போல் பிள்ளைகளோடு புறப்பட்டோம். பசறையில் வண்டியை நிறுத்தி, டப்பாவிலிருந்து உரித்த ஜம்போலாச் சுளைகளை ஒவ்வொன்றாகத் தின்றார். "ராத்திரியே பாதிப் பழம் ஆச்சு சேர்." பிறகு போத்தலைக் கவிழ்த்து இரண்டு மாத்திரையை எடுத்தார். நான் கையைப் பிடித்தேன். "ரெண்டா? வண்டி ஓட்டணும்."

"இன்னிக்குப் பெரிய பரீட்ச சேர். ஒண்ணு பத்தாது." கடவாய்ப் பல்லில் அவை நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதே சாவியைப் பிடுங்கியிருக்க வேண்டும். நான் செய்யவில்லை.

கால் மணி நேரத்தில் அவர் முகம் சிவந்தது. கழுத்திலிருந்து வியர்வை இறங்கிச் சட்டைக் கொலர் நனைந்தது. ஹோர்ன் அடிப்பதை நிறுத்திவிட்டார். ஒரு கீழிறக்க வளைவில், எதிரே பஸ் வந்துகொண்டிருக்க, வேன் நடுக்கோட்டைத் தாண்டி மெல்ல வலப்பக்கமாகச் சரிந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். பஸ்காரர் ஏதோ கத்திக்கொண்டு போனார். இடதுபுறக் கற்சுவரை உரசினாற்போல் வண்டி நின்றது.

"கண்ணு கொஞ்சம் இருட்டுச்சு. பனி," என்றார் றிச்சர்ட்.

பனி இல்லை. வெயில் அடித்தது. பின்னால் லக்ஷிகா என்ற நாலாம் வகுப்புப் பிள்ளை, "மாமா, என் தண்ணிப் போத்தலு உருண்டு போச்சு," என்றாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். இருபது நிமிடம் நிறுத்திவைத்து, கண் தெளிந்த பிறகு, ஊர்ந்து ஊர்ந்து பதுளைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வழியெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: "நல்லா எறங்கியிருக்கு. கட்டாயம் பாஸ்."

பரிசோதித்தவர் ஒரு பெண் வைத்தியர். பட்டியைக் கையில் சுற்றி அளந்தார். மீண்டும் அளந்தார். எண்பத்தாறுக்கு ஐம்பது. நாடி நூற்றுப் பதினெட்டு. றிச்சர்டைக் கட்டிலில் படுக்கவைத்துக் காலின் கீழ் இரண்டு தலையணை வைக்கச் சொன்னார்.

"என்ன மாத்திரை எடுத்தீங்க?"

"கிளினிக்ல குடுத்ததுதாங்க." படுத்தபடியே றிச்சர்ட் சிரித்தார். "கொறஞ்சிருக்குல்ல டொக்டர்? அப்ப பாஸ் தானே?"

"எத்தன? எப்படி?"

நான் சொன்னேன். பழத்தையும் சேர்த்துச் சொன்னேன். வைத்தியர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வேன்ல பிள்ளைகள் இருந்தாங்களா?"

"பதினாலு பேருங்க," என்றார் றிச்சர்ட். தொழிலின் அளவைச் சொல்லும் தொனியில்தான் ஆரம்பித்தார். கடைசி எழுத்தில் குரல் இறங்கிவிட்டது.

ஒரு மாதம் ஒழுங்காக விழுங்கி, தோட்டத்து டிஸ்பென்சரியில் தினமும் அளந்து எழுதிக்கொண்டு வரவேண்டும். அதுவரை ஆட்களை ஏற்றி ஓட்டக்கூடாது. வைத்தியர் எழுதிக் கையெழுத்திட்டார். வெளியே வந்து வாகை மர நிழலில் உட்கார்ந்ததும் றிச்சர்டுக்கு நாக்குத் திரும்பிவிட்டது.

"பிரஸர் கூடுனா ஃபெயில்ங்கிறாங்க. சரி. எனக்கு இல்லவே இல்ல. அதுக்கும் ஃபெயில்ங்கிறாங்க. இது என்னா நாயம் சேர்?"

நான் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பதில் செசிலியிடம் இருந்தது. வேனை ஸஹாப்தீன் ஓட்டிக்கொண்டுவந்து, றிச்சர்டின் வீடிருந்த லயத்துக்கு முன்னால் நிறுத்தினார். அதற்கு முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து அப்படியே வந்த செசிலி, கூடையைத் தலையிலிருந்து இறக்காமல் நின்றார்.

"புள்ளைங்க ஏறுனப்பறமா கடிச்சீங்க?"

"ஆமாடி. எறங்குறதுக்குள்ள வேல செய்யணும்ல."

"லக்ஷிகா அம்மாக்கிட்ட நீங்களே போயிச் சொல்லுங்க. நான் போவ மாட்டேன்."

அவர் போனாரா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை எல்லாப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஸ்டியரிங் ஸஹாப்தீன் கையில் இருந்தது. நான் பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். என் இருக்கையில் றிச்சர்ட். வழி காட்ட வருகிறாராம். முப்பது வருடமாக இந்த வீதியில் ஓட்டுகிறவருக்கு வழி காட்ட.

"ஹோர்ன் அடிங்க நாநா. லெப்ட்ல பள்ளம். செகண்டுல போடுங்க, செகண்டுல."

ஸஹாப்தீன் தன் போக்கில் ஓட்டினார். பசறை தாண்டி, அந்தக் கீழிறக்க வளைவு வந்தபோது றிச்சர்டின் பேச்சு நின்றது. எதிரே மேலேறி வந்த பஸ் எங்களை உரசாமல், மிகச் சாதாரணமாகக் கடந்து போனது. இருக்கைகளுக்கு இடையே குனிந்து பார்த்தேன். பிரேக் இல்லாத அந்தப் பக்கத்தில், வெறும் ரப்பர் விரிப்பின் மேல், றிச்சர்டின் வலது கால் அழுத்திக்கொண்டிருந்தது. வளைவு முடிந்து வீதி நேரான பிறகும் அவர் அதை எடுக்கவில்லை.