உறுமல் இல்லாத மேடை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஒயர் என்று பெயர். சாப்பாட்டுப் பையைத் திறந்தால் டப்பாவுக்கு முன்னால் ஒரு கேபிள் வெளியே விழும். இடைவேளையில் அதை மடியில் போட்டுக்கொண்டு முனையைப் பிரித்துச் சரிபார்ப்பாள். "இவ ஒயரைத் தொட்டுக்கிட்டுத்தான் சோறு சாப்பிடுவா" என்று இஸ்திரி உருளையில் நிற்கும் அக்கா ஒருநாள் சொன்னாள். அன்றிலிருந்து மேற்பார்வையாளர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

காலை முழுக்க உருளையிலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்புகளை மடிப்பாள். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் தன் அறைக்குள் போய்விடுவாள். அங்கே ஒரு நீள மேஜை. அதன்மேல் மூன்று பொருள்கள். ஒரு பழைய சிந்தசைசர், திருகுகளால் ஒலி உண்டாக்கும் மின் கீபோர்டு. ஒரு கட்டை உடைந்தது, ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். ஒரு சாம்ப்ளர், பதிந்து வைத்த ஒலிகளை ரப்பர் பட்டைகளில் தட்டி எழுப்பும் பெட்டி. இரண்டையும் ஒன்றுசேர்க்கும் மிக்ஸர். கம்ப்யூட்டர் கிடையாது. அவள் வாசிக்கும்போதுதான் பாட்டு உண்டாகும், நிறுத்தினால் இல்லை. சலவை இயந்திரத்தின் கதவு சாத்தும் ஓசை, தள்ளுவண்டிச் சக்கரம், நீராவி விடும் சீறல் எல்லாம் அந்தப் பட்டைகளுக்குள் இருந்தன. யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு திருகைத் தொடுவாள், கேட்பாள், பிடிக்காவிட்டால் திருப்பி வைப்பாள். ஒரு பாட்டு தேற ஒரு மழைக்காலம் ஆகும்.

அந்த சிந்தசைசருக்கு ஞாபகம் இல்லை. திருகுகள் எந்த நிலையில் நிற்கின்றனவோ அதுதான் ஒலி. கைபட்டு நகர்ந்தால் ஒலி போய்விடும். அதனால் மேஜையை யாரும் தூசிகூடத் தட்டக்கூடாது. அறை இருந்தால்தான் மேஜை, மேஜை இருந்தால்தான் பாட்டு.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது.

அண்ணியின் அப்பாவுக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இதுவரை சின்ன மகன் வீட்டில் இருந்தார். அவன் வேலை மாறி வெளியூர் போகிறான். ஞாயிற்றுக்கிழமை அப்பாவை இங்கே கூட்டிவர வேண்டும். வீட்டில் இருந்தது ஒரு கூடம், ஒரு சமையலறை, அண்ணனும் அண்ணியும் படுக்கும் அறை, இவளுடைய அறை.

"பாரும்மா, உன் ரூமைப் புடுங்கணும்னு எனக்கு ஆசையா?" என்றாள் அண்ணி. "அவரைக் கூடத்துல போட்டா, வர்றவங்க போறவங்க முன்னாடியா உடம்பு தொடைச்சுவிட முடியும்? அவர் மானஸ்தர். செத்தே போயிடுவார்."

அண்ணி சொன்னதில் ஒரு சொல்கூடப் பிசகில்லை என்பதுதான் கொடுமை.

"டவுன்ல ஒரு மியூசிக் ஹால்ல வெள்ளிக்கிழமை வாசிக்க ஆள் தேடறாங்க, அண்ணி. வாரா வாரம். என்னை ஒருதடவை வந்து வாசிச்சுக் காட்டச் சொல்லியிருக்காங்க," என்றாள்.

அண்ணி யோசித்தாள். "அது கிடைச்சா உன் தொழில்னு ஆயிடும். தொழிலுக்கு எடம் வேணும், ஒத்துக்கறேன். கூடத்துல தட்டி வெச்சு அப்பாவை மறைச்சுக்கறேன், எப்படியோ சமாளிக்கறேன். கிடைக்கலைன்னா நீ எங்கூட மல்லுக்கட்டக் கூடாது."

"கட்ட மாட்டேன்."

"உங்க அண்ணனைத் தூதுவிடவும் கூடாது."

"நான் எங்க நடுவுல வந்தேன்?" என்றான் அண்ணன் சுவரோரம் இருந்து. "இந்த வீட்டுல என்னை யார் கேக்கறா? நான் வண்டி ஓட்டறவன். ஏத்தற சரக்கை ஏத்துவேன், இறக்குவேன்."

வெள்ளிக்கிழமை அவள் சலவைக்கூடத்தில் விடுப்புச் சொன்னாள். ஒவ்வொரு திருகும் நகராமல் ஒட்டுநாடா ஒட்டி, பெட்டிகளைப் போர்வையில் சுற்றி, அண்ணனின் டெலிவரி வண்டியில் ஏற்றினாள். வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அண்ணன் பிரேக்கை மிதித்தான்.

"புள்ளத்தாச்சியைக்கூட நான் இப்படி ஓட்டிக்கிட்டுப் போனதில்ல," என்றான்.

அவள் சிரிக்கவில்லை. மடியில் சிந்தசைசர் இருந்தது.

ஹால் சின்னதுதான். பின்பக்கம் குடிக்க ஏதாவது வாங்கும் மேடை, முன்பக்கம் நின்று கேட்க இடம், மரப்பலகை போட்ட வாசிப்பு மேடை. சவுண்ட்காரர் வயிறு பெருத்த, பேச்சில் சிக்கனமான ஆள். அவள் கேபிள்களை ஒரு கறுப்புப் பெட்டி வழியாகச் செருகினார்.

"இது எதுக்கு சார்?"

"கரன்ட்டுல வர்ற ஹம்மை, அந்த முனகல் சத்தத்தை, இது தின்னுடும். வாசிம்மா."

அவள் முதல் பாட்டைத் தொடங்கினாள். கதவு சாத்தும் அடி, நீராவிச் சீறல், அதன்மேல் சிந்தசைசர். பெரிய ஸ்பீக்கர்களில் எல்லாமே வந்தன. ஆனால் பாட்டு வரவில்லை. தூண் இல்லாமல் மாடி கட்டியதுபோல் எல்லாம் அந்தரத்தில் நின்றது. மெட்டு எங்கேயும் கால் ஊன்றாமல் அலைந்தது.

அவள் நிறுத்திவிட்டு ஒரு கேபிளை மாற்றினாள். அப்படியேதான் இருந்தது. இன்னொன்றை மாற்றினாள்.

"என்னம்மா தேடறே? எல்லாம் வருதே. சுத்தமா வருது."

"கீழ ஒண்ணு இல்ல சார்."

"கீழ நீ ஒண்ணும் வாசிக்கலையே."

அவள் கையை எடுத்துக்கொண்டு சும்மா நின்றாள். ஹால் அமைதியாக இருந்தது. அந்த அமைதியைக் கேட்டபோதுதான் அவளுக்குப் புரிந்தது.

அவர்கள் வீட்டுக்குக் கீழே ஒரு ஐஸ் கிடங்கு. அதன் கம்ப்ரஸர் இரவு பகல் ஓயாது. அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அதன் உறுமல் தரை வழியாக ஏறிக்கொண்டே இருந்தது. வீட்டில் யாருக்கும் அது கேட்பதில்லை. பக்கத்திலேயே இருப்பதால் மூக்கு கண்ணுக்குத் தெரியாதே, அப்படி. அவள் ஒவ்வொரு பாட்டுக்கும் அடிச்சுரம் ஒன்று வைத்துப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அது அதிகப்படியாகப் பட்டிருக்கிறது. எடுத்துவிடுவாள். அந்த இடம் ஏற்கெனவே நிறைந்திருந்தது. இத்தனை வருஷமும் அவள் கம்ப்ரஸருக்குத்தான் சுருதி சேர்த்து வாசித்திருக்கிறாள். பாதிப் பாட்டைத் தரையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

சிந்தசைசரில் அந்த அடிச்சுரத்தைப் பிடித்துப் பார்த்தாள். பாட்டு உடனே எழுந்து நின்றது. ஆனால் அது ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். அடிச்சுரத்தைப் பிடித்தால் மெட்டு இல்லை; மெட்டை வாசித்தால் அடி இல்லை.

"சார், அந்தக் கறுப்புப் பெட்டியைக் கழட்டுங்க."

"கழட்டினா ஹம் வருமே."

"வரட்டும். எனக்கு ஹம்தான் வேணும்."

சவுண்ட்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நான் இந்தத் தொழிலுக்கு வந்ததுல இருந்து ஹம் வருதுன்னு அழுதவங்களைத்தான் பாத்திருக்கேன். ஹம் வேணும்னு அழறவளை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"அழல சார். கேக்கறேன்."

அவர் பெட்டியைக் கழற்றினார். ஸ்பீக்கர்களில் மின்சாரத்தின் முனகல் வந்தது, மெலிதாக, ஒரே சீராக. ஆனால் அது கம்ப்ரஸரைவிட அரைச்சுரத்துக்குக் கிட்ட மேலே நின்றது. சேர்த்து வாசித்தால் பல் கூசியது. சிந்தசைசரை ஒரு திருகில் ஏற்றிவிடலாம். சாம்ப்ளரில் ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாக ஏற்ற வேண்டும்.

அவள் குனிந்தாள். ஒரு பட்டையைத் தட்டுவாள், முனகலோடு சேர்த்துக் கேட்பாள், கொஞ்சம் ஏற்றுவாள், மறுபடி தட்டுவாள். அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான், தொடவில்லை. ஹால் மேனேஜர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ரெடியா?" என்றான். அவளுக்கு முந்திக்கொண்டு சவுண்ட்காரர், "ஆயிட்டே இருக்கு, நீ போய் கதவைப் பாரு," என்றார். ஆட்கள் உள்ளே வரத் தொடங்கியபோது கடைசிப் பட்டையும் சேர்ந்தது. அவளுக்கு முதுகு நிமிரவில்லை. ஆனால் பாட்டு நின்றது. தன் அறையில் நின்றதுபோலவே நின்றது.

மேனேஜர் கையசைத்தான். ஹாலின் விளக்குகள் மெல்ல இறங்கின.

முனகல் ரம்பமாக மாறியது.

அவள் சவுண்ட்காரரைப் பார்த்தாள். அவர் தலைக்கு மேலே விளக்குகளைக் காட்டினார். விளக்கை மங்கலாக்கும் கருவி மின்சாரத்தை நறுக்கித்தான் அனுப்பும். அந்த நறுக்கல் அப்படியே ஸ்பீக்கரில் வரும். முழு வெளிச்சத்தில் சுருதி சேர்க்கும்போது இது இருவருக்கும் தோன்றவில்லை. அவருடைய விரல் தன் மிக்ஸரில் அவள் ஒலியைக் குறைக்கும் திருகின்மேல் நின்றது. அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். தட்டத் தொடங்கினாள்.

ரம்பத்தோடு வாசித்தாள். சிந்தசைசரில் வெளிச்சமான ஒலியையெல்லாம் மூடி, ரம்பம் தெரியாத இடம் தேடினாள். கொஞ்ச நேரம் அது கிடைத்தது என்றே நினைத்தாள். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு அசைந்தாள். பக்கத்தில் நின்றவர் காதைப் பொத்தினார். அதற்குள் மேனேஜர் சவுண்ட்காரரிடம் ஓடிப்போய்த் தோளைத் தட்டினான். அவர் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து கறுப்புப் பெட்டியை மறுபடி மாட்டினார்.

ரம்பம் போனது. தரையும் போனது.

அவள் மெட்டின் நடுவில் இருந்தாள். ஒரு கணம் அந்தரத்தில் வாசித்தாள். பிறகு மெட்டை விட்டாள். விரலை அடிச்சுரத்தில் வைத்து அழுத்தினாள், எடுக்கவே இல்லை. மறுகையால் பட்டைகளைத் தட்டினாள். கதவு, சக்கரம், நீராவி, கீழே ஒரே சுரம். அவளுடைய பாட்டுகளில் மெட்டு முழுக்க அந்த அழுத்திய கைக்குள்தான் இருந்தது. அந்தக் கையை எடுக்க முடியவில்லை. சிலர் பின்பக்கம் போய்க் குடிக்க வாங்கிக்கொண்டு பேசத் தொடங்கினார்கள். கண்ணை மூடிய பெண் கண்ணைத் திறந்து தன் கூட வந்தவளிடம் ஏதோ கேட்டாள். மேடையில் இவள் கடைசிவரை வாசித்தாள். விரல் மரத்துப்போயிருந்தது.

கைதட்டல் மரியாதைக்கு வந்தது.

மேனேஜர் நல்லவன். அதனால் சுற்றி வளைத்தான். "வித்தியாசமா இருந்தது. ஆனா வெள்ளிக்கிழமைக்கு வர்றவங்க பேசிக்கிட்டே கேப்பாங்க. இது... பேச விடமாட்டேங்குதும்மா. வேற எதாவது வந்தா சொல்றேன்."

"சுருதி சேத்தப்ப வேற மாதிரி இருந்தது," என்றார் சவுண்ட்காரர்.

"நான் அப்ப கேக்கலையே."

சவுண்ட்காரர் கேபிள்களை முறுக்கு விழாமல் சுருட்டி அவளிடம் கொடுத்தார். "விளக்கு என் தப்பு. எனக்குத் தோணியிருக்கணும்," என்றார்.

"எனக்கும்தான் சார்."

வண்டியில் அண்ணன் பள்ளங்களைப் பார்க்காமல் ஓட்டினான். பாதி வழியில் சொன்னான், "கிடைச்சிடுச்சுன்னு சொல்லிடுவோம்."

அவள் திரும்பினாள்.

"வெள்ளிக்கிழமையானா உன்னை ஏத்திக்கிட்டு எங்கயாவது சுத்திட்டு வர்றேன். அவளுக்கு என்ன தெரியப்போகுது? அதுக்குள்ள நெஜமாவே வேற எடம் கிடைச்சாலும் கிடைக்கும்."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். வழி முழுக்க அந்தப் பொய்யைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தட்டிக்குப் பின்னால் ஒரு மனிதரைத் துடைத்துவிடும்போது தண்ணீர் சொட்டும் ஓசை கூடம் முழுக்கக் கேட்கும். அந்த ஓசையை அவளால் இப்போதே கேட்க முடிந்தது. ஓசைகளைக் கேட்பதைத் தவிர அவளுக்கு என்ன தெரியும்.

அண்ணி கதவைத் திறந்துவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான்.

"கிடைக்கல அண்ணி," என்றாள் அவள்.

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டாள், "நல்லா வாசிச்சியா?"

"சுருதி சேத்தப்ப வாசிச்சேன்."

"என்ன பதில் இது?"

"நாளைக்கு மேஜையைக் கழட்டிடறேன்."

"ஞாயித்துக்கிழமைதானே வர்றார். அவசரம் இல்ல."

"இல்ல, கழட்டிடறேன்." அவள் தன் அறைக்குள் போய் விளக்கைப் போட்டாள். காலி மேஜை. அதன் நிழல் விழுந்த சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணி பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள். "அண்ணி, கட்டிலோட தலைமாட்டை ஜன்னல் பக்கம் வைங்க. இந்தச் சுவத்துப் பக்கம் தரை அதிருது. அவர் தூங்க மாட்டார்."

"எங்க அதிருது? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"இங்க வந்து நில்லுங்க."

அண்ணி வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள். இருவரும் வெறுங்காலோடு நின்றார்கள். வெகுநேரம் அண்ணிக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு முகம் மாறியது.

"ஐயோ, இது எப்பவும் இப்படித்தானா?" என்றாள் மெதுவாக.

"எப்பவும்தான்."

கீழே வண்டியில் போர்வைக்குள் சுற்றியிருந்தவற்றை மேலே கொண்டுவரட்டுமா என்று அண்ணன் படியிலிருந்து கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். அங்கேயே இருக்கட்டும் என்றாள். சொல்லிவிட்டு, திருகுகளில் ஒட்டிய நாடாவை மட்டும் யாரும் பிரிக்க வேண்டாம் என்றும் சொன்னாள்.