உபவாச ஜெபத்தில் தூங்கியவன்

நீங்கள் பொய் சொன்னீர்கள், பாஸ்டர். அதுவும் என் மனைவியின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

அவளுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்று ஒன்றரை வருடம் இழுத்தாள். கடலூரில் உங்கள் சபைக்கு ஞாயிறுதோறும் முதல் ஆளாக வந்து பாய் விரித்தவள். அடக்க ஆராதனையில் மைக்கில் சொன்னீர்கள்: "வீட்டுத் தலைவனுக்கு விசுவாசம் இருந்திருந்தா, சகோதரி இன்னிக்கி எழுந்து நடந்திருப்பாங்க."

கூட்டம் ஆமென் என்றது. பழக்க தோஷத்தில் நானும் ஆமென் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மகள் கேட்டாள்: "நீ ஏன்ப்பா ஒழுங்கா ஜெபம் பண்ணல?"

அதோடு தூக்கம் போயிற்று. செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து படுத்தாலும் கண் மூடாது. நான்தான் அவளைக் கொன்றேனா என்று கடவுளிடம் கேட்கப் பயம். அதனால் ஜெபத்தையே விட்டேன்.

எட்டு மாதம் கழித்து என் மனைவியின் தம்பி, சிதம்பரத்தில் அவன் போகும் சபைக்கு இழுத்துப் போனான். தகரக் கூரை போட்ட சின்னக் கூடம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். சுவரோரம் உட்கார்ந்தேன். "ஆண்டவரே, நானா?" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம். பதில் வரவில்லை. திட்டும் வரவில்லை. சாய்ந்தேன், தூங்கிவிட்டேன்.

விழித்தபோது உபவாசம் முடிந்து கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, உபவாசத்துல கொறட்ட உட்ட மொத ஆளு நீதான்" என்றான் மச்சான்.

"எழுப்பறதுக்கு என்னடா?"

"எழுப்பத்தான் வந்தேன். பாஸ்டர் வேணாம்னு கையக் காட்டிட்டாரு. ஸ்பீக்கரையும் கொறைச்சி வச்சிட்டாரு."

அந்தப் பாஸ்டர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். துவையல் இன்னும் வேண்டுமா என்று.

இளைப்பாறுதல் என்ற வார்த்தையை இருபது வருடமாகப் பாடி வந்தேன். அது என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது வெள்ளிதோறும் போகிறேன். வீட்டிலும் தூக்கம் வருகிறது. ஆண்டவருக்கு என் மேல் கோபம் இல்லை. எனக்கு உங்கள் மேல் இருக்கிறது.

போன வாரம் போன் செய்தீர்கள். "பிரதர், சமாதானம் கெடைச்சிருச்சாமே. ஞாயித்துக்கெழம வந்து சாட்சி சொல்லுங்க, சபைக்குப் பிரயோஜனமா இருக்கும்."

வருகிறேன். மகளையும் கூட்டி வருகிறேன். ஆனால் முதலில் நீங்கள் பேச வேண்டும். என் விசுவாசக் குறைவால்தான் அவள் செத்தாள் என்று உங்களுக்கு யார் சொன்னது? போனில் எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். சபை நடுவில், அவள் மகள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.