கூடிப்போன பத்து மாத்திரை

கடைக்கு வருகிறவர்கள் அவளை 'ரெண்டு தடவை அக்கா' என்பார்கள். எதையும் இரண்டு தடவை எண்ணாமல் கொடுக்கமாட்டாள். வீட்டிலும் அதே கதைதான். கேஸை மூடினோமா என்று பாதிப் படியிலிருந்து திரும்பி ஓடுவாள். 'என்னையே ரெண்டு தடவை எண்ணிப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டா' என்று புருஷன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். அண்ணனுடைய மருந்துக் கடையில் இருபத்திரண்டு வருடமாக மருந்தாளுநர். அவளுக்கென்று போட்ட நாற்காலியில் பூனைதான் தூங்கும்.

அப்படிப்பட்டவளுக்கே அன்று மதியம் கணக்கு உதைத்தது.

பின்னறையில் ஓர் இரும்பு அலமாரி. கடுமையான வலிக்கான மாத்திரைகள் அதற்குள் பூட்டில் இருக்கும். போதைக்கும் ஆகிற சரக்கு என்பதால் சட்டம் அதன்மேல் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு அட்டையும் யாருக்குப் போனது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். எடுக்கும்போது இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். தினமும் எண்ண வேண்டும். பதிவேடு நாற்பது என்றது. அலமாரியில் ஐம்பது இருந்தது. இன்னொரு தடவை எண்ணினாள். ஐம்பதுதான். ஓர் அட்டை கூடுதல்.

அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "கொறைஞ்சாத்தானே திருட்டு? கூடினதுக்கு எவளாவது அழுவாளா?"

"கூடியிருக்குன்னா யாருக்கோ போகலைன்னு அர்த்தம்ணே."

அது அவர் மண்டையில் ஏறவில்லை. நாளைக் காலை மருந்து ஆய்வாளர் வருகிறார் என்பது மட்டும் ஏறியது. "அந்த அட்டையை உன் பையில போட்டுக்கோ. அவர் போனதும் பாத்துக்கலாம்."

"மடியில கனத்தை வச்சுக்கிட்டு அந்த மனுஷன் முன்னாடி எப்படிண்ணே நிப்பேன்?"

முந்தின நாள் மதியத்திலிருந்து மூன்று பேர்தான் அதை வாங்கியிருந்தார்கள். இரண்டு பேரை போனில் பிடித்தாள். அவர்களிடம் சரியாக இருந்தது. மூன்றாவது சீட்டு, எலும்பில் புற்றுநோய் பரவிய ஒருவருடையது. மனைவி வந்து வாங்கிப் போயிருந்தார். வலிக்கு ஓர் அட்டை, வாந்திக்கு ஓர் அட்டை. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வெள்ளித் தாள். வாந்தி மாத்திரை டப்பாவை எண்ணினாள், அதில் ஓர் அட்டை குறைந்தது. வாந்தி மாத்திரையையே இரண்டு அட்டை போட்டுக் கொடுத்துவிட்டு, வலி மாத்திரையைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறாள். எண்ணிக்கையை இரண்டு தடவை பார்த்தவள் மருந்தின் பெயரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் நிற்க வேண்டிய சாட்சி அண்ணன்தான். அவரோ திங்கட்கிழமை காலை டீ குடித்துக்கொண்டே வாரம் முழுவதற்கும் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவார். 'அண்ணன் தங்கச்சிக்குள்ள என்ன சாட்சி?' என்பார். அவளும் இத்தனை வருடம் சும்மாதான் இருந்தாள்.

அந்த வீட்டு போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஏழு தடவை. யாரும் எடுக்கவில்லை. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதிவேட்டை இழுத்துச் சிவப்பு மையில் எழுதினாள்: மருந்து மாறிவிட்டது. தவறு என்னுடையது. கொடுக்கும்போது சாட்சி இல்லை.

அண்ணன் அவள் கையைப் பிடித்தார். "கடைசி வரியை அடிச்சுடு. கடை லைசென்ஸ் போயிடும். உன்னையும் சும்மா விடமாட்டாங்க. அப்புறம் ரெண்டு பேரும் வீட்டுல ஈ ஓட்ட வேண்டியதுதான்."

பயம் அவளுக்கும் இருந்தது. இந்த வேலையை விட்டால் வேறொன்றும் தெரியாது. ஆனாலும் கையை உதறிக்கொண்டு கையெழுத்தைப் போட்டாள். அட்டையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லை. டாக்டரிடம் போனில் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். பாதி வழியில் நடை ஓட்டமாகிவிட்டது. மூன்றாவது மாடி. கதவைத் திறந்த அம்மாளுக்கு அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"அம்மா, நேத்து உங்களுக்கு மருந்தை மாத்திக் கொடுத்துட்டேன். ரெண்டு அட்டையுமே வாந்திக்கு உள்ளது. வலிக்கு இதுதான். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், உடனே ஒண்ணு கொடுங்க. தப்பு என்னோடதும்மா."

திட்டுவார், கை ஓங்கினாலும் ஓங்குவார் என்று தலைகுனிந்து நின்றாள். அந்த அம்மாள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வலி கேக்கலைன்னு ராத்திரி பூரா சொன்னாரு. மாத்திரை போட்டாச்சே, எப்படிக் கேக்காம போகும்னு நான்தான் கத்தினேன். என்னைப் படுத்தணும்னே நடிக்கிறீங்கன்னுட்டேன். விடிஞ்சதுலேருந்து ஒரு சத்தம் இல்ல. வாயைத் தலகாணியில அமுக்கிக்கிட்டுக் கெடக்குறாரு."

ஆய்வாளர், லைசென்ஸ், அண்ணன் ஒன்றும் அப்போது அவளுக்கு நினைவில் இல்லை. அந்த அம்மாள் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடினார். அவள் வாசலிலேயே நின்றாள்.

உள்ளேயிருந்து குரல் கேட்டது. "ஏங்க, தலகாணியை எடுங்க. வலிச்சா கத்துங்க. நல்லாக் கத்துங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."