அடுத்த வருஷத்து ஞாயிற்றுக்கிழமை

சிவகாசியில் காலண்டர் வேலை பார்க்கிறவர்களுக்கு இரண்டு வருஷம் ஒரே சமயத்தில் நடக்கும். வெளியே இந்த வருஷத்து வெயில் கொளுத்தும். கையில் அடுத்த வருஷத்துத் தேதித்தாள் இருக்கும். தினமும் ஒன்றாகக் கிழிக்கிற காலண்டர் இருக்கிறதே, அதில் வைக்கிற முன்னூற்று அறுபத்தைந்து தாளையும் வரிசை மாறாமல் அடுக்குவதுதான் என் வேலை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு பிரஸ்ஸுக்கு வந்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டுகூட அடுக்குவேன். யாரிடமாவது பேசச் சொன்னால்தான் வேர்க்கும்.

போன மே மாதம் ஒரு திங்கட்கிழமை, தாள் அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. என் மகனுக்குத் தாயில்பட்டியில் பெண் பேசியிருந்தோம். அந்தப் பிள்ளை ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் பில் போடுகிறது. இவன் சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறான். இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. மிச்சம் இருந்தது ஒன்றுதான். பெண் வீட்டார் வந்து எங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். வீடு பார்க்காமல் எங்கள் பக்கத்தில் பூ வைத்து நிச்சயம் பண்ண மாட்டார்கள். அதையும் வெயில் காலத்தில் வந்துதான் பார்ப்பார்கள். தண்ணீர் நிலவரம் அப்போதுதானே தெரியும்.

எனக்குப் பயம் அதில்தான். முந்தின வருஷம் வேறொரு பெண் வீட்டார் வந்தார்கள். "தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது?" என்று ஒரு அம்மா கேட்டார். எட்டு நாளைக்கு ஒரு தடவை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுப்படிக்குள் போய் டம்ளர் கழுவினேன். கழுவின டம்ளரையே திரும்பக் கழுவினேன். தகவல் சொல்கிறோம் என்று போனவர்களிடமிருந்து அப்புறம் ஒரு தகவலும் இல்லை. மகன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் குழம்பில் உப்பு போட மறந்த அன்றுகூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தான். அது எனக்குத் திட்டு வாங்கியதைவிட வலித்தது. இந்தப் பிள்ளையைப் பேசினதிலிருந்து தினமும் இரண்டு தடவை தலை சீவுகிறான். இதுவும் என்னால் தட்டிப்போய்விடக் கூடாது.

போனில் பேசியது பெண்ணின் பெரியம்மா. "மதினி, நல்ல நாளாப் பாத்து ஒரு தேதி சொல்லுங்க. நீங்க காலண்டருக்குள்ளயே இருக்கீக. நாங்க தனியா என்னத்தப் பாக்க?"

குனிந்து கையில் இருந்த மே மாதக் கட்டைப் பார்த்தேன். இருபத்திநாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. எல்லோருக்கும் லீவு நாள். "இருபத்திநாலு... பத்து மணிக்கு வாங்க மதினி" என்றேன். கிழமையையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பேச்சை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்றுதான் எனக்கு இருந்தது.

அந்த வாரம் நன்றாகவே போனது. எங்கள் அடுக்கும் அறையில் ஃபேன் போட முடியாது, தாள் பறந்துவிடும். அதனால் டீ நேரம் வந்ததும் கட்டுகள் மேலெல்லாம் இரும்புத் துண்டு வைத்துவிட்டு, ஃபேனை முழு வேகத்தில் சுழலவிட்டு, பொம்பளைகள் அத்தனை பேரும் அதற்குக் கீழே அண்ணாந்து நிற்போம். அந்தக் காற்றுக்கு ஈடு கிடையாது. ஒருத்தி வெள்ளரிப்பிஞ்சு கொண்டுவருவாள், ஒருத்தி மிளகாய்ப்பொடி கொண்டுவருவாள். "சம்பந்தி வர்றாகளாம்ல, பேசப் பழகிட்டியா?" என்று என்னைக் கேட்டுச் சிரித்தார்கள்.

வீட்டில் அந்தப் பயிற்சியும் நடந்தது. என் வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றுகிறவர். சாயங்காலம் வந்ததும் தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் சம்பந்தி மாதிரி உட்காருவார்.

"தண்ணியெல்லாம் எப்படிங்க, மதினி?" என்பார், குரலைப் பொம்பளைக் குரலாக்கி.

நான் சிரித்துவிடுவேன்.

"ஏலே, உங்கம்மா இன்னைக்கும் பெயிலுடா" என்பார் மகனிடம்.

"நல்லாக் கேளுங்கப்பா, அப்பத்தான் பழகும்" என்பான் அவன். ஆனால் அவன் முகத்தில் சிரிப்பு பாதிதான் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் தெருவுக்குத் தண்ணீர் முறை. தண்ணீர் நாளில் பிரஸ்ஸுக்குத் தாமதமாகப் போனால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. எல்லோர் வீட்டிலும் அப்படித்தான். வருகிற தண்ணீரில் வீட்டைக் கழுவிவிட்டால் மறுநாள் பளிச்சென்று இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பத்தரைக்குக் குழாய் இரைந்தது. மகன் வேலைக்குப் போய்விட்டான். வீட்டுக்காரர் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு டிரம்மை உருட்டினார். நான் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, குழாயில் மாட்டின டியூபைப் பிடித்தேன். வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் குடம், வாளி, அண்டா, குக்கர், டிபன் டப்பா என்று வரிசை.

தண்ணீர் திடீரென்று நூலாகச் சுருங்கியது. எதிர்வீட்டில் மோட்டார் ஓடுகிற சத்தம். தண்ணீர் நாளில் மட்டும் எனக்கு எங்கிருந்தோ குரல் வந்துவிடும்.

"ஏக்கா, மோட்டரை அமத்துங்க! தெருவுக்கே வர்ற தண்ணிய நீங்க ஒருத்தரே உறிஞ்சுனா நாங்க என்ன வேர்வையிலயா சோறு பொங்குறது?"

"கத்தாத, அமத்திட்டேன்!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"இம்புட்டுச் சத்தம் இருக்கா மதினி உங்களுக்கு? போன்ல மூச்சுவிடுறதுகூடக் கேக்கலையே" என்றது பின்னால் ஒரு குரல்.

திரும்பினேன். பட்டுச்சேலையில் பெண்ணின் பெரியம்மா. பக்கத்தில் வெள்ளை வேட்டியில் பெண்ணின் அப்பா, கையில் பழத்தட்டோடு. என் கையிலிருந்து டியூப் நழுவியது.

"நாளைக்குல்ல..." என்றேன்.

"இன்னைக்குத்தான இருபத்திநாலு?" என்றார் அந்த அண்ணன். "சனிக்கிழமைல கூப்பிடுறாகளே, பத்து மணி ராகுகாலமாச்சேன்னு நான் சொன்னேன். காலண்டர் வேலை பாக்குறவுக தெரியாமயா சொல்வாகன்னு இவுக சத்தம் போட்டாக. ராகுகாலம் கழியட்டும்னு பஸ் ஸ்டாண்டுல ரெண்டு டீ குடிச்சிட்டு வர்றோம். லீவு வேற போட்டிருக்கேன்."

சுவரில் எங்கள் வீட்டுக் காலண்டரைப் பார்த்தேன். அது செவ்வாய்க்கிழமையில் நின்றது. நாள் பூராவும் தாளைத் தொட்டுவிட்டு வந்து, வீட்டிலும் ஒரு தாளைக் கிழிக்க எனக்குக் கை வருவதில்லை. அப்புறம்தான் உறைத்தது.

"அடுத்த வருஷத்துக் காலண்டரைப் பாத்துச் சொல்லிட்டேன், அண்ணே."

என் வீட்டுக்காரர் டிரம்முக்குப் பின்னால் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். முடிந்தது, இதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

"சிரிக்கிறதை அப்புறம் சிரிப்போம். தண்ணி போகுது பாருங்க!" என்றார் பெரியம்மா. பட்டுச்சேலையை இழுத்து இடுப்பில் செருகினார். கீழே கிடந்த டியூபை எடுத்து அண்டாவுக்குள் விட்டார். அந்த அண்ணன் பழத்தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, நிறைந்த குடத்தைத் தூக்கினார். "எங்கன வைக்க, தங்கச்சி?"

"அங்கன, அடுப்படிச் சுவரோரம்" என்றேன். அப்புறம் யாரும் கேட்காமலே சொன்னேன், சத்தமாகவே. "எட்டு நாளைக்கு ஒருக்கா வருது மதினி. வந்தா ஒரு மணி நேரம். குடிக்கவும் பொங்கவும் காணும். துவைக்க அடிபம்பு இருக்கு, உப்புத்தண்ணி."

"எங்களுக்குப் பத்து நாளு" என்றார் அவர், டியூபை அடுத்த வாளிக்கு மாற்றிக்கொண்டே. "எங்க பிள்ளை இந்த அண்டாவை ஒத்தைக் கையில தூக்கும்."

கடைசிச் சொட்டு வரைக்கும் பிடித்தோம். விருந்துக்கு ஒன்றும் வாங்கி வைக்கவில்லை. இருந்தது நீச்சத்தண்ணியும் பழைய சோறும் சின்ன வெங்காயமும்தான். நனைந்த சேலையோடு தரையில் உட்கார்ந்து, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு பெரியம்மா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அன்றைக்கு நான் பிரஸ்ஸுக்கே போகவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "வீடு பாத்தாச்சு, எங்களுக்குத் திருப்தி. பூ வைக்கிற தேதியை நாங்க சொல்றோம். நீங்க மட்டும் வாயைத் திறந்துறாதீக மதினி. பெறகு அடுத்த வருஷம்தான் நடக்கும்."

சாயங்காலம் மகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான். என் வீட்டுக்காரர் நடந்ததையெல்லாம் நடித்தே காட்டினார். அவன் சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு சுவர் ஓரமாகப் போய், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று ஒவ்வொரு தாளாகக் கிழித்துச் சனிக்கிழமையில் நிறுத்தினான்.

வைகாசிக் கடைசியில் பூ வைக்கத் தேதி வந்தது. அதுவரைக்கும் விடிந்ததும் முதல் வேலையாகக் காலண்டரில் தாள் கிழித்தது அவன்தான். என்னைத் தொட விடவில்லை.