சகலைக்கு வந்த கட்டுரை

கட்டுமானத் துறைப் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘கத்திரி’. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு. ஆய்விதழ்கள் கருத்துக் கேட்டு அனுப்பும் கட்டுரைகளை ஈவிரக்கமில்லாமல் வெட்டித் தள்ளுகிறவர் என்று பேர் வாங்குவது லேசான காரியமா என்ன!

வெட்டும் முறை ரொம்பச் சுலபம். கட்டுரையைக் கடைசிப் பக்கத்தில் திறப்பார். அங்கேதான் மேற்கோள் பட்டியல் இருக்கும். அதில் தன் பெயர் இருந்தால் ‘நல்ல முயற்சி’. இல்லையென்றால் தீர்ந்தது கதை. ‘கட்டுரையாளர் இதைத் தாமே ஒருமுறை படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை’ என்று கடைசியில் ஒரு வரி எழுதி முடிப்பார். அந்த வரியின் மேல் அவருக்கு அப்படியொரு காதல். வருடா வருடம் புது மாணவர்களுக்கு ‘ஆய்வில் நேர்மை’ என்று உரையாற்றும்போதும் அதைச் சொல்லிவிட்டு, கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்துவார்.

அவருக்கு ஒரு சகலை, மனைவியின் தங்கை புருஷன். வேறொரு கல்லூரியில் அதே துறைப் பேராசிரியர். கட்டுரை அனுப்பும்போது, ‘யாரிடம் கருத்துக் கேட்கலாம்?’ என்று ஆய்விதழ் கேட்கும். இவர் சகலை பெயரைக் கொடுப்பார், சகலை இவர் பெயரைக் கொடுப்பார். சகலை உறவை எந்த இனிஷியலும் காட்டிக்கொடுக்காது. எந்த எடிட்டருக்கு மோப்பம் பிடிக்கத் தெரியும்? சகலையோ இவரைவிடப் பெரிய சோம்பேறி. மற்றவர் கட்டுரை எது வந்தாலும் இவர் தலையில் கட்டிவிடுவார்.

அந்த வருடம் பழைய டயர்த் தூள் கலந்த கான்கிரீட் பற்றி ஒரு மாணவி ஆராய்ந்துகொண்டிருந்தாள். கலவை போட்டு, கட்டைகளாக வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, இயந்திரத்தில் நசுக்கிப் பார்த்தது எல்லாம் அவள். எழுதியதும் அவள். முதல் பெயர் மட்டும் பேராசிரியருடையது. கட்டுரை ஏற்கப்பட்டால்தான் அவள் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். உதவித்தொகை ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. ஒரு சோதனைக்கூடத்தில் கிடைத்த வேலை, இந்தப் பருவம் முடியும்வரைதான் அவளுக்காகக் காத்திருக்கும்.

“ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க சார்.”

“நீ எழுதினா சரியாத்தாம்மா இருக்கும். போடு, போடு” என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எழுதியவர் யாரென்று கருத்துச் சொல்பவருக்குத் தெரியக் கூடாது என்பது அந்த இதழின் விதி. பெயரை மட்டுமல்ல, எழுதியவரின் பழைய கட்டுரைகளையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். அவள் விதியை மதித்து, பேராசிரியரின் ஐந்து கட்டுரைகளையும் எடுத்துவிட்டு அனுப்பினாள். கருத்துக் கேட்கும் இடத்தில், அவர் சொன்னபடி, சகலை பெயர். சகலைக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும் என்று நினைத்த பேராசிரியர், வழக்கம்போல மறந்துபோனார்.

ஒரு விடுமுறை நாளில் சகலை கூப்பிட்டார். “சகலை, ஒரு கட்டுரை வந்து தொலைச்சிருக்கு. அனுப்பறேன், எழுதிக் குடுத்துடுங்களேன்.”

இவர் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். தன் பெயர் ஒரு இடத்திலாவது இருக்க வேண்டுமே, ஊஹூம்! வந்ததே கோபம். காபி ஆறுவதற்குள் வெட்டி முடித்துவிட்டார், பாவி மனுஷன்.

பதில் வந்த அன்று மாணவி அவர் அறைக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

“நிராகரிச்சுட்டாங்க சார். முதல் ஆள் நல்லாத்தான் எழுதியிருக்கார். ரெண்டாவது ஆள்தான்...”

“எந்த முட்டாள் அவன்? கான்கிரீட்டைக் கண்ணால பாத்திருப்பானா? விடமாட்டேன், எடிட்டருக்குப் புகார் எழுதறேன்! நீ படி.”

படித்தாள். “‘இத்துறையின் முன்னோடி ஒருவருடைய ஐந்து முக்கியக் கட்டுரைகள்கூட இவருக்குத் தெரிந்திருக்கவில்லை.’ அஞ்சும் உங்களுது சார்.”

பேராசிரியர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். அவள் அடுத்த வரிக்குப் போனாள்.

“‘கட்டுரையாளர் இதைத் தாமே ஒருமுறை படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.’”

கைதட்டலுக்கு நிறுத்துவாரே, அதே இடத்தில் அவளும் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“புகார் எழுதலாமா சார்? நடந்ததைச் சொன்னா வேற ஆள்கிட்ட அனுப்புவாங்க.”

“அவசரப்படாதேம்மா. சகலை வீணா மாட்டிப்பான். வேற ஜர்னலுக்கு அனுப்பிடேன்.”

“அது வர்றதுக்குள்ள என் வேலை போயிடும்.” ஆத்திரத்தை மறைக்க அவள் முயலவில்லை. “போகட்டும். அனுப்பறேன். ஆனா இந்தத் தடவை என் பேரை மட்டும் போட்டு.”

அவர் தலையாட்டினார். எந்த வாயால் மறுப்பார்? அவள் கதவுவரை போனபிறகும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

“அந்த அஞ்சு கட்டுரையையும் பட்டியல்ல சேத்துடுவே இல்ல?”

அவள் திரும்பினாள்.

“சேக்கறேன் சார். அந்த அஞ்சையும் உங்களுக்கு எழுதிக் குடுத்த அக்கா, அண்ணன்க நம்பர் எல்லாம் என்கிட்ட இருக்கு. அவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சேக்கறேன்.”